எஞ்சினை மட்டும் மாற்றினால் போதுமா?

எமது வளவின் வேப்பமர நிழலில் ஜப்பானிய வான் ஒன்றின் டீசல் எஞ்சின் சாக்கினால் மூடப்பட்டுக் கிடக்கிறது. வருகிறவர்கள் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல சாமான்போல இருக்கிறதே, ஏன் சும்மா கிடக்கிறது?" என்று கேட்கிறார்கள். நல்ல சாமான்தான். நூலில் தொங்கவிட்டாற்போல் அதிர்வில்லாமல் ஓடிய எஞ்சின் அது. ஆனால் பதினான்கு குடும்பங்களின் ஒரு பெரும்போகம் அதனால்தான் தப்பிப் போயிற்று. அதற்கு நாமும் பொறுப்பாளிகள் என்பதால், நடந்ததையும் அதிலிருந்து நாம் கற்றுக்கொண்டதையும் இவ்விதழில் எழுதுகிறோம்.

அந்தப் பதினான்கு குடும்பங்களும் கல்முனைப் பகுதிக் கரையோரத்தில் வாழ்பவை. தமிழ்க் குடும்பங்களும் உண்டு, முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. 1990இல் வயலையும் மாட்டையும் விட்டு ஓடியவர்கள் சிலர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது இருந்த வீட்டையும் இழந்தவர்கள் வேறு சிலர். இரண்டையும் கண்டவர்களும் அவர்களுள் உள்ளனர். காணி திரும்பக் கிடைத்தாலும் உழுவதற்குக் கையில் ஒன்றுமில்லை. கூலிக்கு உழவு இயந்திரம் பிடித்தால், விதைப்பு நேரத்தில் எல்லோருக்கும் ஒரே நாளில் அது வேண்டியிருக்கும். காசுள்ளவனின் வயலே முதலில் உழப்படும். ஆகவே சேர்ந்து சேமித்த பணத்தில் சொந்தமாக ஓர் உழவு இயந்திரம் வாங்குவதென்று தீர்மானித்தார்கள்.

2020 மார்ச் மாதத்தில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. அதன் பின் பழைய வாகனங்களின் விலை எங்கே போனது என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. கைக்கெட்டிய விலையில் அகப்பட்டது ஒரு மெசி பேர்குசன் 35. கியர் பெட்டியும் பின்பக்கமும் நல்ல நிலை. எஞ்சினின் இரும்புக் கட்டிதான் வெடித்திருந்தது. அதே வகை எஞ்சின் தேடினோம், கேட்ட விலை கூடுதலாக இருந்தது. அந்த வேளையில் வான் எஞ்சின் ஒன்று மிகவும் மலிவாக வந்தது. "குதிரைவலு இதைவிடக் கூட, டீசலும் குறைவாகத்தான் குடிக்கும்" என்றார் விற்றவர். இரண்டும் உண்மை. பத்து வருடம் குருமடத்தில் படித்த எமக்கு அந்த இரண்டு உண்மைகளும் போதுமானவையாகத் தோன்றின.

ஒட்டு வேலை செய்து எஞ்சினை ஏற்றினார்கள். ஒக்டோபர் மழையோடு வயலில் இறங்கியது. சேற்று உழவின் ஆறாம் நாள் கிளட்ச் தட்டு கிழிந்து, கியர் பெட்டிக்குள் போகும் தண்டின் முனையும் கெட்டு, இயந்திரம் வரம்போரம் நின்றுவிட்டது. கல்முனையிலிருந்து ஒரு மூத்த மெக்கானிக்கை அழைத்துவந்தோம். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். "வாங்கிறத்துக்கு முந்தி என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, பாதர்" என்றார். "காக்கா, எஞ்சினில் என்ன பிழை?" என்று கேட்டோம். "எஞ்சின்ல ஒரு பிழையும் இல்ல. இது அதுக்குரிய வண்டி இல்ல, அவ்வளவுதான்."

காருக்கும் லொறிக்கும் அடியில் சட்டம் அல்லது உடற்கூடு இருக்கிறது. எஞ்சின் அதன்மேல் றபர் வைத்து உட்கார்ந்திருக்கும். மெசி பேர்குசன் போன்ற உழவு இயந்திரத்தில் அப்படி ஒரு சட்டமே கிடையாது. முன்சில்லு அச்சு எஞ்சினில் பூட்டப்பட்டிருக்கிறது, எஞ்சின் கியர் பெட்டியில் பூட்டப்பட்டிருக்கிறது, கியர் பெட்டி பின் அச்சில் பூட்டப்பட்டிருக்கிறது. எஞ்சினே வண்டியின் முதுகெலும்பு. அதனால்தான் அந்த எஞ்சினின் கட்டியும் அடியிலுள்ள ஒயில் சம்பும் தடித்த வார்ப்பாகச் செய்யப்பட்டுள்ளன. வான் எஞ்சினின் சம்ப் மெல்லிய தகட்டில் அழுத்திச் செய்த ஒரு தட்டு; ஒயிலைத் தாங்கும், வண்டியைத் தாங்காது. அதற்காக இரு பக்கமும் இரும்புச் சட்டம் வைத்து ஒட்டியிருந்தார்கள். ஒரு முன்சில்லு வரம்பில் ஏறி மறு சில்லு சேற்றில் இறங்கும்போது அந்தச் சட்டம் முறுகியது. அது முறுக, எஞ்சினும் கியர் பெட்டியும் நேர்கோட்டிலிருந்து விலகின. மீதி எல்லாம் அதன் விளைவு.

பழையவர்கள் செய்யவில்லையா?

இதைச் சொன்னதும் சிலர் கேட்பார்கள்: "யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்களே, நம்மவர்களுக்கு இது பெரிய காரியமா?" உண்மைதான். 1990களில் பெற்றோல் வடக்குக்குப் போகாமல் தடுக்கப்பட்டிருந்த காலத்தில் அங்குள்ள ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சிறிதளவு பெற்றோலில் கிளப்பப்பட்டு, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் அது ஏன் முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கார்களின் எஞ்சின்கள் காற்றையும் எரிபொருளையும் ஏழெட்டு மடங்குக்குத்தான் அமுக்கின. தரம் குறைந்த எரிபொருளை அவை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பழைய பேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, தொழிற்சாலையிலிருந்தே பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் ஓடுவதற்கென்று செய்யப்பட்டது. அதாவது, அந்தக் காரியம் வண்டியின் இயல்புக்குள் இருந்தது. அப்படியிருந்தும் எரியாத மண்ணெண்ணெய் சம்புக்குள் வடிந்து ஒயிலைத் தண்ணீராக்கியது. ஒயிலை அடிக்கடி மாற்றாதவரின் எஞ்சின் நெடுநாள் நிற்கவில்லை. அந்த வித்தையின் இலாபமும் பின்னர் குறைந்தது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியதைக் கடற்றொழிலாளரும் மறக்கவில்லை, நாமும் மறக்கவில்லை.

வாகனம் செய்பவர்களும் எஞ்சினை மாற்றியிருக்கிறார்கள். எமது மெசி பேர்குசன் 35இன் கதையே அதற்குச் சான்று. 1956இல் வந்த இந்த வகையின் முதல் டீசல் வண்டிகளில் நான்கு சிலிண்டர் ஸ்ராண்டட் எஞ்சின் இருந்தது. குளிரில் கிளம்ப மறுப்பதற்குப் பெயர்பெற்ற எஞ்சின் அது. 1959இன் இறுதியில் அதை விட்டு மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சினைப் போட்டார்கள். வேறு எஞ்சின்தான். ஆனால் அந்த வண்டியின் முதுகெலும்பாக நிற்கத்தக்கதாக, அந்த வண்டியின் வேகத்தில் வேலைசெய்யத்தக்கதாக இருந்த எஞ்சின்.

மொறிஸ் மைனர் காரிலும் ஒரு பாடம் உண்டு. 1962இல் அதன் 948 சீ.சீ. எஞ்சினுக்குப் பதிலாக 1098 சீ.சீ. எஞ்சினைப் போட்டபோது, முன்சில்லுகளின் பிரேக் வளையத்தை ஏழு அங்குலத்திலிருந்து எட்டு அங்குலமாகப் பெருப்பித்தார்கள். பின் அச்சின் பல்விகிதத்தையும் மாற்றினார்கள். கூடியது வெறும் 150 சீ.சீ., அதுவும் அதே குடும்பத்து எஞ்சின்! இந்தியாவில், மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் வழிவந்த அம்பாசிடர் காருக்கு 1990களின் தொடக்கத்தில் 1.8 லீற்றர் இசூசு எஞ்சினைப் போட்டபோது பழைய நாலு கியர்ப் பெட்டியை வைத்துக்கொண்டு சமாளிக்கவில்லை. ஐந்து கியர்ப் பெட்டியையும் சேர்த்தே மாற்றினார்கள். எம்மிடம் இருப்பதோ ஒரு வெல்டிங் மெசினும் அவசரமும்.

தலைமயிர் அளவு

எஞ்சினையும் வேறு வண்டியின் கியர் பெட்டியையும் சேர்ப்பதற்குத் தடித்த இரும்புத் தகடொன்றில் இரண்டு விதமான துளைகள் போட்டு நடுவில் வைப்பார்கள். ஒரு பக்கத் துளைகள் எஞ்சினுக்கு, மறு பக்கத் துளைகள் கியர் பெட்டிக்கு. பார்ப்பதற்கு எளிய வேலை. ஆனால் எஞ்சினின் சுழல்தண்டும் கியர் பெட்டியின் தண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இங்கே அனுமதிக்கப்படும் பிசகு ஒரு தலைமயிரின் தடிப்பளவுதான். நாடாவால் அளந்து, சோக்கட்டியால் குறித்து, துளைபோடும் மெசினால் குடைந்த தகடு ஒருபோதும் அந்த அளவுக்கு வராது. கடைசல் பட்டறையில் மெசினில் பூட்டி, நடுத்துளையை வைத்தே மற்றத் துளைகளை அளந்து எடுக்க வேண்டும். முடித்த பின் அளவுக் கடிகாரத்தைப் பிளைவீலில் பூட்டி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். அளவுக் கடிகாரம் இல்லாத கராஜில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பிசகு இருந்தால் முதல்நாள் ஒன்றும் தெரியாது. சில கிழமைகளில் கிளட்சை மிதிக்கும்போது ஒரு முனகல் கேட்கும். பின் கியர் தானாகக் கழரும், ஒயில் கசியும், கிளட்ச் தட்டின் நடுப்பகுதி பிய்ந்துபோகும். உரியவர் புதிய கிளட்ச் தட்டு வாங்கிப் போடுவார். அதுவும் பிய்யும். மூன்றாவது தட்டு வாங்கும்போதுதான் சந்தேகம் வரும்.

இன்னும் சில சிறு பொருத்தங்களும் உண்டு. கிளட்ச் தட்டின் உட்பல்லு கியர் தண்டின் பல்லோடு எண்ணிக்கையிலும் அகலத்திலும் பொருந்த வேண்டும். தண்டின் முனை தாங்கி நிற்கும் சிறு பெயரிங் எஞ்சின் பக்கம் இருக்கிறதா, அதன் துளை சரியா என்று பார்க்க வேண்டும். ஸ்ராற்றர் மோட்டாரின் பல்லு பிளைவீலின் பல்லைச் சரியாகப் பிடிக்க வேண்டும். நான்கு சில்லும் இழுக்கும் பழைய ஜீப்புக்கு வேறு எஞ்சின் போடுவோர், வண்டி பள்ளத்தில் விழுந்து வில்லுத்தகடு அமுங்கும்போது முன் அச்சு ஒயில் சம்பில் போய் இடிக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். நிறுத்தி வைத்திருக்கும்போது இருக்கும் இடைவெளி ஓட்டத்தில் இருப்பதில்லை.

இவை எல்லாவற்றிலும் பாதித் தலையிடியைத் தவிர்க்க ஒரு வழி, எஞ்சினை அதன் சொந்தக் கியர் பெட்டியோடு சேர்த்து வாங்குவது. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் வாகனத்தின் முன்பகுதியை, "ஹாப் கட்" என்று நம்மவர்கள் சொல்வதை, முழுதாக வாங்கினால் கியர் பெட்டி, றேடியேற்றர், வயர்க் கட்டு, தாங்கிகள் எல்லாம் கூடவே வரும். விலை கூடத்தான். ஆனால் பின்னர் ஒவ்வொன்றாகத் தேடி அலையும் பஸ் காசையும் கணக்கிற் சேர்த்துப் பாருங்கள். கார், வான், ஜீப்புக்கு இது பொருந்தும். உழவு இயந்திரத்துக்குப் பொருந்தாது.

எத்தனை சுற்று?

எம்மிடம் வருபவர்கள் எல்லோரும் குதிரைவலுவைத்தான் கேட்கிறார்கள். நாமும் அதையே கேட்டோம். கேட்க வேண்டிய கேள்வி, அந்த வலுவை எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் தருகிறது என்பது.

மெசி பேர்குசன் 35 நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 சுற்றில் தன் முழு வலுவையும் தருகிறது. வான் எஞ்சின் அதே வலுவைத் தருவதற்கு 4000 சுற்று வரை ஓட வேண்டும். உழவு இயந்திரத்தின் கியர்கள் மெதுவான எஞ்சினுக்கென்று செய்யப்பட்டவை. ஆகவே குறைந்த சுற்றில் உழுதால் வான் எஞ்சின் இழுக்காமல் இரையும், புகை கக்கும். கூட்டினால் வண்டி ஓடும், வேலை நடக்காது.

அதைவிட ஆபத்தான இடம் பின்புறச் சுழல்தண்டு. சூடடிக்கும் மெசினையும் நீர்ப்பம்பியையும் ஓட்டுவது அந்தத் தண்டுதான். உலகெங்கும் அதற்கு ஒரு பொது அளவு உண்டு, நிமிடத்துக்கு 540 சுற்று. மெசி பேர்குசன் 35இல் எஞ்சின் ஏறத்தாழ 1500 சுற்றில் ஓடும்போது தண்டு 540 சுற்றுச் சுற்றும். வான் எஞ்சினை அதற்குப் பூட்டி 4000 சுற்றுக்கு முடுக்கினால் தண்டு 1440 சுற்றுச் சுற்றும். 540 சுற்றுக்கென்று செய்த சூடடிக்கும் மெசின் அந்த வேகத்தில் என்ன செய்யும்? அதன் உருளையிலுள்ள இரும்புப் பல்லுகள் கழன்று பறந்தால் களத்தில் கதிர் கொடுப்பவரின் முகத்துக்கு நேரேதான் வரும். அவர் பெரும்பாலும் குடும்பத்தில் இளையவராக இருப்பார். எமது வண்டி ஆறாம் நாளே நின்றுவிட்டது நல்லதென்று இப்போது நினைக்கிறோம், அறுவடை வரை ஓடியிருந்தால் என்ன நடந்திருக்குமோ!

கவர்னர் என்ற பகுதியும் இங்கே பேசப்பட வேண்டியது. கலப்பை இறுகிய மண்ணில் பிடிக்கும்போது நாம் கையை வைக்காமலே உழவு இயந்திரத்தின் எஞ்சின் தானாகக் கூடுதல் டீசலை எடுத்து அதே சுற்றில் நிற்கும். இளகிய மண்ணுக்கு வந்ததும் தானாகக் குறைக்கும். எந்த வேகத்தில் வைத்தாலும் அந்த வேகத்தைக் காக்கும் கவர்னர் அதில் உண்டு. வீதியில் ஓடும் வாகனங்களின் எஞ்சின்கள் பலவற்றில் கவர்னர் இரண்டு எல்லைகளை மட்டுமே பார்க்கும்: நிற்கும்போது அணையாமலும், உச்சத்தில் பிய்யாமலும். நடுவில் உள்ளதெல்லாம் சாரதியின் கால். காலால் முடுக்கிக்கொண்டு உழுவது எத்தகைய வேலை என்பதை எமது குழுவின் சாரதி ஆறு நாளும் அனுபவித்தார்.

லேண்ட் மாஸ்டர் என்று நாம் இன்றும் அழைக்கும் கை உழவு இயந்திரத்துக்கும் இதே கணக்குத்தான். அது முதலில் ஓர் ஆங்கிலக் கம்பனியின் பெயர். இப்போது எந்த நாட்டு வண்டிக்கும் அதுவே பெயர். இங்கே எஞ்சினும் கியர் பெட்டியும் பெல்ற்றால் இணைக்கப்படுவதால் தலைமயிர் அளவுப் பிரச்சினை இல்லை. எஞ்சினை மாற்றுவது சுலபம், ஆகவே பலரும் மாற்றுகிறார்கள். ஆனால் கப்பியின் அளவை மறந்துவிடுகிறார்கள். உதாரணமாக, பழைய எஞ்சின் 3000 சுற்றில் நாலு அங்குலக் கப்பியோடு ஓடியதென்று வையுங்கள். புதிய எஞ்சின் 2000 சுற்றுத்தான் என்றால் அதற்கு ஆறு அங்குலக் கப்பி வேண்டும். சுற்றையும் கப்பியின் விட்டத்தையும் பெருக்கினால் இரண்டு பக்கமும் ஒரே தொகை வர வேண்டும்: மூவாயிரம் நான்கு பன்னிரண்டாயிரம், இரண்டாயிரம் ஆறு பன்னிரண்டாயிரம். பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்யக்கூடிய கணக்கு. கடையில் கப்பி வாங்கும் முன் செய்துகொள்ளுங்கள். எஞ்சின் எந்தப் பக்கம் சுழல்கிறது, கப்பி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். இல்லையேல் வண்டி முன் கியரில் பின்னே போகும்.

அதே குதிரைவலுவைக் குறைந்த சுற்றில் தரும் எஞ்சின், ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக முறுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். மேற்சொன்ன உதாரணத்தில் புதிய எஞ்சினின் முறுக்கு ஒன்றரை மடங்கு. கப்பியைச் சரியாகப் போட்டால் கியர் பெட்டிக்கு வரும் பாரம் பழையபடியே இருக்கும். நாலு அங்குலக் கப்பியையே வைத்தால் வண்டி மெதுவாகப் போகும், பாரம் முழுவதும் கியர் பெட்டிக்குள் விழும். சிலர் மறுபக்கம் பிழைவிடுகிறார்கள். பெரிய கப்பி போட்டு இழுவைப் பெட்டியோடு பிரதான வீதியில் பறக்கிறார்கள். நெல் மூடைகளும் மேலே நாலு பிள்ளைகளும் இருக்கும் அந்தப் பெட்டியில் பிரேக் உண்டா என்று ஒருமுறை கீழே குனிந்து பாருங்கள்.

நிறுத்த முடியுமா?

பெற்றோல் வானுக்கு டீசல் எஞ்சின் போடுபவர்கள் அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். மிதிப்பதற்கு இலகுவான பிரேக் உள்ள வாகனங்களில், எமது காலுக்கு உதவிசெய்வது எஞ்சின் உறிஞ்சும் காற்று. பெற்றோல் எஞ்சின் காற்று வழியை அடைத்து வைத்து உறிஞ்சுவதால் அங்கே வெற்றிடம் உண்டாகிறது. ஒரு குழாய் அந்த வெற்றிடத்தைப் பிரேக் உதவிக் கலத்துக்குக் கொண்டுபோகிறது. டீசல் எஞ்சினில் காற்று வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை. ஆகவே போதிய வெற்றிடம் இல்லை. பிரேக்குக்கென்று தனி வெற்றிடப் பம்பி வேண்டும். பல ஜப்பானிய டீசல் எஞ்சின்களில் அது ஓல்டனேற்றரின் பின்புறத்தில் இருக்கும். அதை இழந்த எஞ்சினை வாங்கிப் பூட்டினால் வான் ஓடும். முதல் சந்தியில் பிரேக்கை மிதிக்கும்போது அது கல்லைப்போல் இறுகி நிற்கும். இதனோடு டீசல் எஞ்சினின் கூடிய பாரமும் முன்சில்லில் இருக்கிறது. வில்லுத்தகடு தாழ்ந்து, ஸ்ரேரிங் இறுகி, நிறுத்தும் தூரமும் கூடியிருக்கும். கராஜிலிருந்து எடுத்த அன்றே ஆளில்லாத இடத்தில் பிரேக்கைச் சோதித்துப் பார்க்காமல் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.

மின்சாரத்தில் ஒரு கண்ணி. பழைய ஆங்கிலக் கார்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு பூட்டப்பட்டிருக்கும். ஜப்பானிய எஞ்சினோடு வரும் ஓல்டனேற்றருக்கு எதிர்முனை உடலில் இருக்க வேண்டும். பழைய வழக்கப்படி பூட்டினால் ஒரு கணத்தில் அது கருகும். லொறி எஞ்சினாயின் ஸ்ராற்றர் 24 வோல்ற்றா, 12 வோல்ற்றா என்று தகட்டில் வாசித்துப் பாருங்கள். டீசல் எஞ்சினை அமுக்கிச் சுழற்றப் பெரிய பற்றரியும் தடித்த கேபிளும் வேண்டும். பழைய மெல்லிய கேபிள் சூடேறி எரிந்த சம்பவங்கள் உண்டு.

எரிபொருள் பக்கம் சுருக்கமாக: டீசலுக்குத் திரும்பிப் போகும் குழாய் தாங்கிக்கு வேண்டும், தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி வேண்டும், பழைய பெற்றோல் தாங்கியின் துருவைக் கழுவ வேண்டும். சாவியைத் திருப்பினால் அணையும் என்று எண்ண வேண்டாம். டீசலை அடைக்கும் வழி தனியே பூட்டப்பட வேண்டும். வயலுக்கும் களத்துக்கும் போகும் எஞ்சினாயின் காற்று வடிகட்டி மிக முக்கியம். உமித்தூசியில் வானின் கடதாசி வடிகட்டி விரைவில் அடைபடும்.

கடல்நீர் குடித்த எஞ்சின்

2004இன் பின் மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை எத்தனையோ வாகனங்களின் எஞ்சின்கள் மாற்றப்பட்டதன் காரணம் கடல்நீர். இன்றும் வெள்ளம் வரும்போது இதே கேள்வி எழுகிறது. நீருள் மூழ்கிய எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கவே கூடாது. பிஸ்ரன் மேலிருக்கும் நீர் அமுங்காது. இணைப்புத் தண்டுதான் வளையும். பற்றரியைக் கழற்றி, ஊசிகளைக் கழற்றி, கையால் மெதுவாகச் சுழற்றி நீரை வெளியேற்ற வேண்டும். கடல்நீரென்றால் நல்ல நீரால் கழுவி, அன்றே டீசலும் ஒயிலும் ஊற்றிச் சுழற்ற வேண்டும். ஒயிலை இரண்டு மூன்று தடவை மாற்ற வேண்டும். சில நாள் பிந்தினால் உப்பு தன் வேலையை முடித்துவிடும். விற்பனைக்கு வரும் எஞ்சினின் ஒயில் பாற்றேநீரின் நிறத்தில் இருந்தாலோ, அலுமினியப் பகுதிகளில் வெள்ளை மா பூத்திருந்தாலோ, வேறு இடம் பாருங்கள்.

புத்தகம்

பொருத்தமில்லாத எஞ்சினைக் கழற்றிவிடலாம். பொருத்தமில்லாத புத்தகம் நெடுநாள் துன்பம். எமது வாகனங்களின் பதிவுப் புத்தகத்தில் சட்டத்தின் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் எரிபொருளின் வகையும் எழுதப்பட்டுள்ளன. எஞ்சினை மாற்றினால் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு எஞ்சின் எங்கிருந்து வாங்கப்பட்டது என்ற பற்றுச்சீட்டு வேண்டும். பற்றுச்சீட்டில்லாத எஞ்சின் ஏன் அவ்வளவு மலிவு என்று விற்பவரிடம் கேளுங்கள்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. ஓடும்போது அல்லது கடல் வந்தபோது புத்தகம் போய்விட்டது. அல்லது கைமாறிக் கைமாறி, பெயர் மாற்றாமல் "ஓப்பின் பேப்பரில்" வாங்கிய வாகனம். முதல் உரிமையாளர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட வாகனத்துக்கு வேறு எஞ்சினும் போட்டால் புத்தகத்தில் உள்ளதற்கும் வீதியில் ஓடுவதற்கும் ஒரு தொடர்பும் இராது. விபத்து நேர்ந்தால் காப்புறுதி மறுக்கப்பட இது ஒன்றே போதும். 2022 ஜூலையில் எரிபொருளுக்கு கியூ.ஆர். முறை வந்தபோது புத்தகத்தின் அருமை பலருக்கு விளங்கியது, பதிவிலுள்ள விபரத்தை வைத்தே அங்கு ஒதுக்கீடு நடந்தது. ஆகவே முதலில் புத்தகத்தை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பிரதி எடுக்க வேண்டியிருந்தால் எடுங்கள். பின்னர் எஞ்சின். படிவம் நிரப்பத் துணை வேண்டுமாயின் எமது நிலையத்துக்கு வரலாம்.

பதினான்கு குடும்பங்களின் உழவு இயந்திரம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அந்தப் பெரும்போகத்தில் அவர்கள் கூலிக்குப் பிடித்தே உழுதார்கள். சிலர் பிந்தி விதைத்தார்கள், இரண்டு குடும்பங்கள் விதைக்கவேயில்லை. மெக்கானிக் காக்கா, உடைத்து விற்பனைக்கு வைத்திருந்த மெசி பேர்குசன் 135 ஒன்றின் மூன்று சிலிண்டர் எஞ்சினைத் தேடிக் கண்டுபிடித்தார். அதே பேர்கின்ஸ் 152 குடும்பம். "குடும்பம் ஒண்டுதான். எண்டாலும் அளந்து பார்த்துத்தான் காசு குடுக்கணும், பாதர்" என்று சொல்லி, அளவுகோலோடு எம்மையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த எஞ்சினுக்கு வேண்டிய பகுதிகள் கடைகளில் கிடைக்கின்றன. சென்னையிலுள்ள சிம்சன் கம்பனியும் பேர்கின்ஸ் அமைப்பில் எஞ்சின்கள் செய்து வந்திருக்கிறது. 2021 சிறுபோகத்துக்கு வண்டி வயலில் இறங்கியது. கடனில் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது.

வான் எஞ்சினை வாங்கிய விலையில் பாதிக்காவது விற்றால் அந்தக் கடனுக்கு உதவும். பற்றுச்சீட்டு எம்மிடம் உண்டு, வெற்றிடப் பம்பியும் கூடவே உண்டு. கியர் பெட்டி இல்லை. வேண்டியவர்கள் வந்து பார்க்கலாம். வரும்போது உங்கள் வானின் கியர் பெட்டி வாயின் அளவுகளையும், அதன் தண்டிலுள்ள பல்லின் எண்ணிக்கையையும் ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு வாருங்கள்.